ரோமாபுரியில் மேயர் தேர்தல்

நகரத்தின் மேயரை மக்களே நேராகத் தேர்ந்தெடுப்பதா, அன்றி மக்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதா என்னும் கேள்வி ஸ்தல ஸ்தாபனங்களோடு தொடர்புடைய எவருக்கும் புதிதன்று. நம் ராஜ்யத்தில் கிராம ஊராட்சித் தலைவரை முதல் முறையிலும், ஊராட்சி ஒன்றியத் தலைவரை இரண்டாவது முறையிலும் தேர்ந்தெடுத்து வருகிறோம். இத்தாலி தேசத்தார் இரண்டாவது முறையை நெடுங்காலம் கையாண்டு பார்த்து, 1993ஆம் ஆண்டில் முதல் முறைக்கு மாறினார்கள். அவ்வாறு மாறும்பொழுது அவர்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாடுகள் சில நமக்கு வியப்பை அளிப்பவை.

பாசிச ஆட்சியின்போது அந்நாட்டு நகரசபைகளுக்குத் தேர்தலே இல்லாமற் போயிற்று. தலைநகராகிய ரோமாபுரிக்குச் சர்க்காரே ஒரு கவர்னரை நியமித்து வந்தது. யுத்தம் முடிந்து 1946ல் தேர்தல்கள் மீண்டும் வந்தன. அவ்வாண்டு நடந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில்தான் இத்தாலியப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தனர். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் நகரசபை அங்கத்தினர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தனர். பல கட்சிகள் சேர்ந்தாலன்றி மெஜாரிட்டி கிட்டாது. சேர்ந்தவை பிரிந்தால் மேயர் போய்விடுவார். வாக்களித்த மக்களுக்கோ யார் மேயராக வருவார் என்பது முன்கூட்டித் தெரியாது. 1992ல் லஞ்ச ஊழல் வழக்குகள் தொடர்ச்சியாக வெளிப்பட்டு, பழைய கட்சிகளின்பால் மக்கள் வெறுப்புற்ற வேளையில், 1993 மார்ச்சு மாதம் 81ஆம் எண்ணுள்ள சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே மிலான், டூரின், ரோமாபுரி, நேப்பிள்ஸ், வெனிஸ் முதலிய நகரங்கள் தங்கள் மேயர்களை நேராகத் தேர்ந்தெடுத்தன.

15,000 பேருக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள ஊர்களில் தேர்தல் நடைபெறும் விதத்தைப் பார்ப்போம். மேயருக்கும் கவுன்சிலுக்கும் ஒரே வாக்குச் சீட்டுதான். மேயர் அபேட்சகரின் பெயரும், அவரை ஆதரிக்கும் கட்சிகளின் சின்னங்களும் அதில் சேர்த்து அச்சிடப்பட்டிருக்கும். வாக்காளர் ஒருவரை மேயராகத் தேர்ந்துகொண்டு, வேறொருவரை ஆதரிக்கும் கட்சிக்குக் கவுன்சில் வாக்கை அளிக்கவும் சட்டம் இடந்தருகிறது. தாம் விரும்பும் கவுன்சில் அபேட்சகரின் பெயரை வாக்காளர் தம் கைப்படவே கட்சிச் சின்னத்தின் அருகில் எழுதவேண்டும். இரண்டு பெயர்கள் எழுதலாம். ஆனால் ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இருத்தல் வேண்டும். இருவரும் ஆணாகவோ இருவரும் பெண்ணாகவோ இருப்பின் இரண்டாவது பெயர் செல்லாது. 2012ல் வந்த இவ்விதி மிகச் சிறியது. ஆயினும், பெண்களுக்கென்று இடங்களை ஒதுக்காமலே அவர்களைக் கவுன்சிலுக்குக் கொண்டுவர இது நல்ல யுக்தி என்றே நான் கருதுகிறேன். எழுதுவதற்குச் சாவடியிலேயே ஒரு பென்சில் கொடுப்பார்கள். அழித்தால் அழியாத பென்சில் அது!

முதற் சுற்றில் பாதிக்கு மேல் வாக்குப் பெற்றவர் அப்பொழுதே மேயராவார். மிலான் நகரில் 2021ல் ஜியூசெப்பே சாலா அவ்வாறே வென்றார். எவருக்கும் பாதி கிட்டாவிடின், முதல் இருவர் மட்டும் இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் போட்டியிடுவர். 2021 அக்டோபரில் ரோமாபுரியில் 22 பேர் மேயர் பதவிக்குப் போட்டியிட்டனர். என்ரிக்கோ மிக்கெட்டி 30.14 சதவிகிதமும், முன்னாள் நிதி மந்திரி ராபர்ட்டோ குவால்தியேரி 27.03 சதவிகிதமும், கார்லோ கலெண்டா 19.81 சதவிகிதமும், அப்பொழுது மேயராக இருந்த விர்ஜீனியா ராஜ்ஜி 19.09 சதவிகிதமும் பெற்றனர். இரண்டாம் சுற்றிலோ குவால்தியேரி 60.15 சதவிகிதம் பெற்று வென்றார். முதலில் வந்தவர் தோற்று இரண்டாவதாக வந்தவர் வெல்வது அங்கே அபூர்வமன்று. 1993லும் 2016லும் டூரினிலும், 2011ல் நேப்பிள்ஸிலும் இவ்வாறு நேர்ந்தது. ஒருவரைப் பலர் விரும்புவது வேறு, பலர் ஏற்றுக்கொள்வது வேறு. முதற் சுற்று முன்னதை அளக்கிறது, இரண்டாம் சுற்று பின்னதை அளக்கிறது.

இனிக் கவுன்சிலைக் கவனிப்போம். விவாதத்துக்குரிய அம்சம் இதுவே. ரோமாபுரிக் கவுன்சிலில் 48 ஸ்தானங்கள் உண்டு. இரண்டாம் சுற்றில் மேயர் வென்றால், அவரை ஆதரிக்கும் கட்சிகளுக்கு 60 சதவிகித ஸ்தானங்கள் அளிக்கப்படும். வேறோர் அணி முதற் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்குப் பெற்றிருந்தால் மட்டும் இது பொருந்தாது. அதன்படி குவால்தியேரியின் கட்சிகளுக்கு 29 ஸ்தானங்கள் கிடைத்தன. முதற் சுற்றில் அக்கட்சிகள் பெற்ற வாக்கோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டதுதான். மிக்கெட்டியின் அணிக்கு 9, கலெண்டாவுக்கும் ராஜ்ஜிக்கும் தலைக்கு 5. மேயர் ஒரு கட்சி, கவுன்சில் வேறொரு கட்சி என்றானால் வரவு செலவுத் திட்டம்கூட நிறைவேறாது. ஆகையால் இந்தச் சலுகை அவசியம் என்பது ஆதரிப்பவர் வாதம். வாக்குக்கும் ஸ்தானத்துக்கும் இவ்வளவு தூரம் இருக்கலாகாது என்பது எதிர்ப்பவர் வாதம். நிர்வாகத்தில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு முதல் வாதத்தின்மேல் சாய்வு உண்டு. ஆனால் 2021ன் இரண்டாம் சுற்றில் வாக்களித்தவர்கள் 40.68 சதவிகிதமே என்பதையும் மறைக்க முடியாது. அப்படியானால் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் நால்வரில் ஒருவரைவிடக் குறைவானவரே வென்றவரை ஆதரித்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் வாக்கு வேண்டுமென்ற விதி, வாக்களிக்க வந்தவரைப் பற்றியதே. வராதவர் கணக்கில் வருவதில்லை.

மேயருக்கு இவ்வளவு பலம் தரும் சட்டம் ஒரு கடிவாளத்தையும் உடன் வைத்திருக்கிறது. கவுன்சில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து மேயரை நீக்கலாம். ஆனால் மேயர் போனால் கவுன்சிலும் கலையும். அங்கத்தினரில் பாதிக்கு மேற்பட்டோர் ஒருங்கே ராஜினாமா செய்தாலும் அதே முடிவுதான். நிற்பினும் ஒன்றாக, வீழினும் ஒன்றாக! ரோமாபுரியில் இது 2015ல் நிகழ்ந்தது. 2013ல் மேயரான இக்னாசியோ மரீனோ தம் கட்சியின் ஆதரவை இழந்து ராஜினாமாச் செய்தார். ராஜினாமாவைத் திரும்பப் பெற 20 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அவர் அதைத் திரும்பப் பெற்றார். மறுநாளே, அவர் கட்சியினரும் எதிர்த்தரப்பினரில் சிலருமாக 26 கவுன்சிலர்கள் தாங்களே ராஜினாமாச் செய்தனர். மேயரை வீழ்த்துவதற்காகத் தம் ஸ்தானங்களை அவர்கள் பணயம் வைத்தார்கள். கவுன்சில் கலைந்தது. பிரான்செஸ்கோ பாவ்லோ திரோங்கா என்னும் அதிகாரி கமிஷனராக வந்து, 2016 ஜூன் தேர்தல் வரை நகர நிர்வாகத்தைப் பார்த்தார். அத்தேர்தலின் இரண்டாம் சுற்றில் விர்ஜீனியா ராஜ்ஜி 67.15 சதவிகித வாக்குடன் வென்று, ரோமாபுரியின் முதல் பெண் மேயரானார். ஐந்து ஆண்டு கழித்து, மேலே கண்டவாறு, அவர் நான்காவது இடத்துக்கு வந்தார்.