முதுகுல போடுற ஊசிக்கு ஏன் பயம்?



தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற இடமானாலும் சரி, நம்ம குழுக் கூட்டமானாலும் சரி, பிரசவப் பேச்சு வந்தால் கூடவே இதுவும் வரும்: "முதுகுல ஊசி போட்டாங்க, அதுலருந்துதான் இடுப்பு வலி." இந்தப் பயத்தில்தான் அவசர சிசேரியன் நேரத்தில் "முழு மயக்கமே குடுத்துருங்க" என்று சிலர் கேட்கிறார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு குறையும்போது அந்தப் பேச்சுக்கு ஏது நேரம்?

அவசரத்துக்குப் பெரும்பாலும் போடுவது ஸ்பைனல் ஊசி. மெல்லிய ஊசியால் சுமார் 2 மில்லி மருந்துதான். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் குத்துவார்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் வயிறும் காலும் மரத்துவிடும். எபிடூரல் என்பது வேறு. முதுகில் நூல் மாதிரி குழாய் வைத்து, அது வழியாக மருந்து விடுவது. அது வேலை செய்ய 15, 20 நிமிடம் ஆகும். பிரசவ வலி தெரியாமல் இருக்க முன்பே குழாய் வைத்திருந்தால், அதிலேயே கூடுதல் மருந்து விட்டு ஆபரேஷன் செய்துவிடலாம்.

ஊசி போடும்போது தாடை நெஞ்சில் படுகிற மாதிரி குனிந்து, அசையாமல் இருக்கணும். நடுவில் வலி எடுத்தால் வாயால் சொல்லுங்கள், டாக்டர் நிறுத்துவார். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் தொட்டு "சில்லுன்னு இருக்கா?" என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லணும். பிரஷர் இறங்கிக் குமட்டலாம், உடம்பு நடுங்கலாம். அதற்கு மருந்து உண்டு. வயிற்றுக்குள் இழுக்கிற மாதிரி தெரியும். ஆனால் வலிக்கக் கூடாது. வலித்தால் உடனே சொல்லுங்கள்.

முழு மயக்கத்தில் என்ன சிக்கல்? கர்ப்பிணிக்கு வயிற்றில் இருப்பது மேலே வந்து, புரையேறி நுரையீரலுக்குள் போகலாம். உயிருக்கே ஆபத்து. ரத்தப்போக்கு அதிகமானாலோ, ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ, ஸ்பைனல் போடக்கூட நேரமில்லாவிட்டாலோ முழு மயக்கம்தான் வழி. ஆகவே ராஜபாளையத்துக்கு 108 வண்டியில் போகும்போது "பாவம், பசிக்கும்" என்று காபி, பன் ஊட்டாதீர்கள். (மாமியார்மாரே, உங்களுக்கும் சேர்த்துத்தான்!) முன்பே அரை இட்லி சாப்பிட்டிருந்தாலும் மறைக்காமல் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இடுப்பு வலி? பத்து மாசம் சுமந்த முதுகு, குனிந்தே பால் கொடுக்கிற முதுகு. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் அது வருகிறது. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் குறையும் என்கிற மாதிரி தலைவலி சிலருக்கு வரும். அதை வீட்டில் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், சிகிச்சை இருக்கிறது.

ஏழாம் மாசமே மயக்க டாக்டருக்குச் சொல்ல வேண்டியதைத் தாய் சேய் அட்டையில் எழுதி வைத்துவிடலாம்: சேராத மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, முதுகில் நடந்த ஆபரேஷன், முந்தைய பிரசவத்தில் மயக்க ஊசியால் வந்த தொந்தரவு.