காயப்பட்ட நாய்க்கு ஒரு தற்காலிகப் புகலிடம்

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களின் படலையடிக்கு வருபவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர். வாகனத்தில் அடிபட்ட நாய், பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் கால் அறுபட்ட நாய், வெங்காய வெடியைக் கடித்துத் தாடை சிதைந்த நாய் என்பனவும் வந்து படுத்து விடுகின்றன. பிள்ளைகள் இரக்கப்பட்டுத் தூக்கி வருகிறார்கள். "எங்களுக்கே சோறு காணாது, இதுக்கு எங்கை போறது?" என்று தாய்மார் கேட்பது நியாயமான கேள்விதான்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஊரை விட்டுப் புறப்பட்டபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடம் இடமாக நகர்ந்தபோதும், அவிழ்த்துவிட்ட மாடுகளும் வீட்டு நாய்களும் பின்னால் நின்றன. அந்த நினைவு பலருக்கு இன்னும் ஆறாத புண். அதனால்தான் அடிபட்டுக் கிடக்கும் ஒரு நாயைத் தாண்டிப் போக எம்மவர்களால் முடிவதில்லை. ஆனால் அறிவில்லாத இரக்கம் வீட்டுக்கு ஆபத்தையும் கொண்டுவரலாம். இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்ல சமாரியன் உவமையில் காயப்பட்டவனைத் தூக்கி வந்தவரைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். அவனைப் பொறுப்பேற்ற சத்திரக்காரரைப் பற்றிப் பேசுவது குறைவு. நாயை மீட்பது ஒரு மணி நேர வேலை. எலும்பு முறிந்த நாயாயின், அதன் பின் வரும் ஆறு முதல் எட்டு வாரங்கள் சத்திரக்காரரின் வேலை.

பொறுப்பேற்கும் முன்

முதலாவதாக, நாய் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். மண்டையோட்டு அடையாளமிட்ட சிவப்புப் பலகையோ, எச்சரிக்கை நாடாவோ உள்ள காணிக்குள் அது கிடந்தால் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள். கிராம அலுவலருக்கோ, கண்ணிவெடி அகற்றும் பணியாளர்களுக்கோ, பொலிசாருக்கோ அறிவிப்பதே நாம் செய்யக்கூடியது.

இரண்டாவதாக, விசர்நோயை நினைவிற் கொள்ளுங்கள். எமது நாட்டில் 1970களின் முற்பகுதியில் ஓராண்டில் 300க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதால் அத்தொகை பெரிதும் குறைந்தது. ஆயினும் நோய் ஒழியவில்லை. அறிகுறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்றும் மருந்து இல்லை என்றே கொள்ள வேண்டும். காரணமின்றிக் கடித்தல், தாடை தொங்குதல், வீணீர் வடிதல், குரல் மாறுதல், பின்னங்கால் தள்ளாடுதல், இருட்டில் ஒதுங்குதல் என்பவை நாயில் தோன்றும் அறிகுறிகள். வாய் திறந்தபடி இருக்கும் நாயைக் கண்டு, தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணிக் கையை உள்ளே விடுபவர்கள் உண்டு. அது மிகவும் ஆபத்தானது. இப்படிப்பட்ட நாயை வீட்டுக்குக் கொண்டுவராமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

மூன்றாவதாக, குடும்பத்தார் கூடிப் பேசுங்கள். பராமரிக்கும் பெரியவர் யார்? நாளை வேறிடம் மாற நேர்ந்தால் நாயை யார் ஏற்பார்? இதற்கு விடை கண்ட பின்பே பொறுப்பெடுங்கள். நாய்க்கு உரிமையாளர் இருக்கலாம், அயலில் விசாரியுங்கள்.

தூக்கி வருதல்

வலியுள்ள நாய் தன்னை வளர்த்தவரையே கடிக்கும். பழைய சாறத் துண்டொன்றால் அதன் மூக்கைச் சுற்றிக் கட்டி, முடிச்சைக் காதுகளுக்குப் பின்னால் இடுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், தாடையில் காயமுள்ள நாய்க்கும் வாயைக் கட்டக்கூடாது. தலையைத் துணியால் மூடினாற் போதும். கால்களைப் பிடித்துத் தூக்காமல், சாக்கின் மேலோ பலகையின் மேலோ மெதுவாக இழுத்து இரண்டு பேர் தூக்குங்கள்.

இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்துப் பார்க்கக்கூடாது. முரசு வெளிறியிருத்தல், வயிறு வீங்குதல், ஒரு நாள் முழுவதும் சிறுநீர் போகாதிருத்தல், பின்னங்கால்கள் இரண்டும் உணர்வற்றிருத்தல் என்பன உள்ளே காயமுண்டு என்பதற்கு அடையாளங்கள். தாமதியாமல் அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பிழைக்காது என அவர் கண்டு, வேதனையில்லாத முடிவை ஆலோசனையாகக் கூறினால், அதுவும் இரக்கமே. வீட்டில் நஞ்சு வைப்பது ஒருபோதும் இரக்கமல்ல.

காயமும் எலும்பும்

அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பை மட்டமாக இட்டுக் கரைத்து, அந்நீரால் காயத்தைத் தினமும் இரு தடவை கழுவுங்கள். கையில் பொலித்தீன் பையாவது சுற்றிக்கொள்ளுங்கள். இலையான் மொய்த்த காயத்தில் ஒரு நாளிலேயே புழு உண்டாகலாம். புழுக்களைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மிச்சத்திற்கு வைத்தியரின் மருந்தைப் பூசுங்கள். மண்ணெண்ணெய், பினைல், பழைய இயந்திர எண்ணெய், பற்றரித் தூள் என்பன தசையை எரிக்கும். நாய் அவற்றை நக்கி நஞ்சேறும். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிகொல்லியை உண்ணிக்கோ தெள்ளுக்கோ பூசுவது நாயையும் கொல்லும், பூசியவரையும் நோயாளியாக்கும். மனிதருக்கான வலி மாத்திரைகளையும் கொடுக்க வேண்டாம். பரசிட்டமோல், இபுபுறூபன் போன்றவை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கக்கூடியவை.

முறிந்த காலை நாமாக மட்டை வைத்து இறுக்கிக் கட்டினால் இரத்தம் ஓடாமல் கால் அழுகலாம். வைத்தியர் பார்க்கும்வரை ஒடுக்கமான இடத்தில் அசையாமல் படுக்க விடுவதே நல்லது. கால் ஒன்றை வெட்ட நேர்ந்தாலும் மனம் உடைய வேண்டாம். பெரும்பாலான நாய்கள் மூன்று காலால் ஓடப் பழகிவிடும்.

இடமும் உணவும்

வீட்டுக்கும் கோழிக்கூட்டுக்கும் புறம்பாக, கிடுகாலோ தறப்பாளாலோ நிழல் செய்து, உலர்ந்த வைக்கோலின் மேல் சாக்கு விரியுங்கள். எழும்ப முடியாத நாயை மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபக்கம் புரட்டுங்கள். இல்லையேல் படுக்கைப் புண் வரும். மலத்தை உடனே ஆழமாகப் புதையுங்கள். நாயின் குடற்புழுக்கள் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளுக்குத் தொற்றும். எலிக்காய்ச்சற் கிருமி நாயின் சிறுநீரிலும் இருக்கலாம். காலில் வெடிப்போ காயமோ உள்ளவர்கள் அதில் மிதிக்காதிருப்பது நல்லது.

முதல் நாள் தண்ணீரைச் சிறிது சிறிதாக வையுங்கள். பின்னர் குழைந்த சோற்றோடு முள் நீக்கிய மீனோ, அவித்த பருப்போ, முட்டையோ சேர்த்து நாளுக்கு மூன்று தடவை கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பும் மிளகாயும் வெங்காயமும் வேண்டாம். அவித்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். பசுப்பால் சில நாய்களுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுக்கத் தேவையில்லை. மீன் சந்தையில் கழிக்கும் தலைகளையும் அயலவரின் மிச்சச் சோற்றையும் சேர்த்தாற் போதும். நான்கு வீடுகள் முறை வைத்துக் கொடுத்தால் ஒருவருக்கும் பாரமில்லை.

தடுப்பூசியும் கடியும்

விசர்நோய்த் தடுப்பூசியை முதல் வாரத்திலேயே போடுவியுங்கள். சுகாதாரப் பகுதியினர் கிராமங்களில் இதை இலவசமாகப் போடுகின்றனர். ஆண்டுதோறும் போட வேண்டும். ஆனால் நாய் வருமுன்பே தொற்று ஏற்பட்டிருந்தால், அறிகுறி தோன்ற மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை, சிலவேளை அதற்கு மேலும், செல்லலாம். ஆகவே ஊசி போட்டாயிற்றென்று அசட்டையாக இருக்கக்கூடாது. பராமரிப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

நாய் கடித்தாலோ, கீறினாலோ, அதன் வீணீர் புண்ணில் பட்டாலோ, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு ஊசி இலவசம். கோப்பித்தூள், சுண்ணாம்பு பூசி நேரத்தை வீணாக்க வேண்டாம். நாயைக் கொல்லவும் வேண்டாம். அது உயிரோடு நின்றால் அவதானித்து உண்மையை அறியலாம்.

விடைகொடுத்தல்

காயம் ஆறிய பின் குடற்புழு மருந்து கொடுத்து, கருத்தடைச் சிகிச்சையும் செய்வித்தால் அடுத்த ஆண்டு படலையடியில் குட்டிகள் கிடக்கமாட்டா. உங்களோடு வைத்திருக்க முடிந்தால் அது காணிக்குக் காவல். பாம்பையும் பன்றியையும் முதலில் அறிவிப்பது நாய்தான். முடியாவிடின் நல்ல வீடொன்றைத் தேடி, தடுப்பூசி அட்டையோடும், எதற்குப் பயப்படும், எங்கே தொட்டால் வலிக்கும் என்ற விபரங்களோடும் கையளியுங்கள். சந்தையிலோ காட்டோரத்திலோ இறக்கிவிட்டு வருவது மீட்ட வேலையை அழிப்பதாகும்.

வீட்டையும் காணியையும் இழந்தவர்களுக்கு, தமக்கென்று ஓரிடம் கிடைப்பதன் அருமை தெரியும். அதை ஒரு வாயில்லாச் சீவனுக்குச் சில வாரம் கொடுக்க எண்ணுபவர்கள், இரக்கத்தோடு சவர்க்காரத்தையும் தடுப்பூசியையும் சேர்த்தே கொடுக்க வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.