மடக்குக் கத்தியும் மழைக்காலமும்

இடர் நேருங்கால் மனிதன் தன்னுடன் எவற்றை வைத்திருத்தல் வேண்டும் என்னும் கேள்விக்கு மேனாட்டார் நூறு வகைக் கருவிகளைக் காட்டி விடை கூறுவர். சுவிட்சர்லாந்திலே கார்ல் எல்ஸ்னர் என்பார் 1897இல் பதிவு செய்த பல்பயன் மடக்குக் கத்தி அவற்றுட் புகழ்பெற்றது. மாத்தளை மக்களுக்கோ அக்கேள்வி புதியதன்று. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர், தோள் தாங்கும் மூட்டையை நம்பியே புறப்பட்டனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலே பலியானோர் பலர்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மலைநாட்டைக் குலைத்தபோது, மாத்தளை மாவட்டமும் மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் இலக்காயிற்று. அதன் பின்னர் நண்பர் பலர் கத்தி வாங்குவதுபற்றி என்னை வினவுகின்றனர்.

தோட்டத்திலே கத்திக்குப் பஞ்சமில்லை. ஆனால் கவ்வாத்துக் கத்தி தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் அறுப்பதற்கென அமைந்தது. அதனைப் பையில் இட்டுப் பஸ்ஸில் ஏறுதல் பிறர்க்கும் ஆபத்து, பொலிஸாரின் ஐயத்துக்கும் இடம். றப்பர்ப் பால்வெட்டும் கத்தியோ பட்டை சீவுவதற்கன்றி வேறெதற்கும் உதவாது. மூன்றங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய மடக்குக் கத்தியே போதுமென்பது என் துணிபு. விரித்த அலகு தானே மடங்காதவாறு பூட்டு இருத்தல் வேண்டும். ஈரக் கையில் மடங்கும் கத்தி முதலில் வெட்டுவது விரலைத்தான். கரிம எஃகு எளிதிற் கூர்படும். எனினும் றத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து ஈரத்தில் விரைவிலே துரு ஏறும். தேங்காயெண்ணெய் பூசும் பொறுமை உடையார் அதனை வாங்கலாம். என் போன்ற சோம்பேறிகளுக்குத் துருவேறா எஃகே தகும். கயிறு அறுத்தலும் காயத்துக்குத் துணி கிழித்தலுமே அதன் தொழில். வீரம் காட்டுதல் அன்று.

நிற்க. கத்தியினும் முந்தி வேண்டுவன ஒரு சிறிய டோர்ச்சும் விசிலும். இடிபாட்டில் அகப்பட்டவனின் தொண்டை விரைவில் வறளும். விசிலுக்கோ மூச்சு இருந்தாற் போதும்.

மழையை அளக்க நேரான சுவருடைய தகரப் பேணியும் அடிமட்டமும் உதவும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலும், நிலம் வெடித்தாலும், மரங்கள் சாய்ந்தாலும் அக்கணக்கிற்கும் காத்திராது லயனை விட்டு வெளியேறுதல் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கம் குழந்தைகளுக்கும் மனப்பாடமாதல் நன்று.

மேனாட்டார் பட்டியலில் பின்தள்ளப்படும் ஒன்று நமக்கு முதன்மையானது: காகிதம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று தேடி அலைந்தனர். பத்திரம் காட்ட இயலாதார் பலர் புறந்தள்ளப்பட்டனர். எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. அத்தகைய சமூகத்தில் பிறப்புச் சான்றிதழ் சேற்றிற் புதைதல் சிறு இழப்பன்று. அடையாள அட்டை, பிறப்பு, விவாகப் பதிவுகள், காணிப் பத்திரம் ஆகியன நீர் புகாத உறையிற் கட்டப்பெற்று, கதவருகே தொங்குதல் வேண்டும். ஆசிரியர்கள் ஐப்பசி மழைக்கு முன்னரே மாணவர்தம் சான்றிதழ்ப் பிரதிகளைப் பெற்றுப் பாடசாலை அலுமாரியின் மேற்தட்டில் வைப்பாராயின், அதற்குச் செலவு சில ரூபாய்களே.