டிட்கோரிக்கு முன்னாடி முப்பது வருஷம்

1121 ஆகஸ்ட் 12. ஜார்ஜியாவோட டிட்கோரி மலைப்பக்கம். இல்காசி தலைமையில ஒரு பெரிய கூட்டுப்படை வந்து நிக்குது. ரெண்டு வருஷம் முன்னாடிதான் சிரியாவுல அந்தியோக்கியாவோட சிலுவைப் படையை அடியோட அழிச்சவர் இந்த இல்காசி. அன்னைக்கு அவரையே ஓட வெச்சவர் ஜார்ஜிய மன்னர் நான்காம் தாவீது.

எல்லாரும் அந்த ஒரு நாளைத்தான் பேசுறாங்க. எனக்கு அதுக்கு முந்தின முப்பது வருஷம்தான் பெருசாத் தெரியுது.

1089. தாவீதுக்கு வயசு 16. அப்பா இரண்டாம் கியோர்கி விலகிக்கிட்டு, மகனுக்கு முடி சூட்டிட்டாரு. செல்ஜுக் துருக்கியர் மந்தைகளோட வந்து இறங்கி, வயக்காட்டை எல்லாம் மேய்ச்சல் காடாக்கிட்டாங்க. திபிலிசி நகரம் மன்னர் கையில இல்லை. கிழக்குல ககேத்தி தனி ராஜ்யம்.

ஆனா தாவீது முதல்ல கை வெச்சது உள்வீட்டுப் பகையில. க்ளதெகாரி கோட்டையில லிபாரித்னு ஒரு பிரபு. தலைமுறை தலைமுறையா மன்னர்களை ஆட்டிவெச்ச குடும்பம். தாவீது அவரைப் பிடிச்சு அடைச்சாரு, மன்னிச்சு விட்டாரு. லிபாரித் மறுபடியும் துரோகம் பண்ணினாரு. இந்தத் தடவை பைசாந்தியத்துக்கு நாடு கடத்திட்டாங்க. பின்னாடி அவர் மகனும் இறந்துபோக, அந்தச் சீமை முழுக்க மன்னர் வசம் வந்துச்சு. தேவாலயத்துலயும் இதே கதைதான். குலப்பெருமையால பதவிக்கு வந்த ஆயர்களை ஒரு சபை கூட்டி நீக்கினாங்க.

வெளியிலயும் காலம் கூடி வந்துச்சு. 1092-ல சுல்தான் மாலிக் ஷா இறந்ததும் செல்ஜுக் வாரிசுகளுக்குள்ள சண்டை. அடுத்து சிலுவைப் படைகளும் வந்துடுச்சு. தாவீது செல்ஜுக்குகளுக்குக் கட்டிவந்த கப்பத்தை நிறுத்தினாரு, ககேத்தியைச் சேர்த்துக்கிட்டாரு.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. படை வேணும்னா பிரபுக்களைத்தான் கேக்கணும். அவங்க மனசு மாறினா படையும் போச்சு. அதுக்குத்தான் காகசஸுக்கு வடக்கே இருந்த கிப்சாக் நாடோடிகளை வரவழைச்சாரு. தாவீதோட மனைவி குராந்துக்த், கிப்சாக் தலைவர் அத்ராக்கோட மகள். வர்ற வழியில ஆலானியர் நாடு; அவங்களுக்கும் கிப்சாக்குகளுக்கும் தீராத பகை. தாவீது நேர்லயே போய் சமாதானம் பேசி வழி திறந்தாரு. 40,000 குடும்பம் வந்ததா கணக்கு. வீட்டுக்கு ஒரு வீரன். எந்தப் பிரபுவுக்கும் கடமைப்படாத படை. என் பார்வையில, டிட்கோரி பாதி ஜெயிச்சது இங்கதான்.

போர்க்களத்துல 200 கிப்சாக் வீரர்கள் எதிரிப் பக்கம் போனாங்க. சரணடைய வர்றாங்கன்னு அவங்க நினைக்க, இவங்க அம்பு விட ஆரம்பிச்சாங்க. அணி குலைஞ்சுது. தாவீதோட படை பாய்ஞ்சுது.

அடுத்த வருஷம், 1122. ஏறத்தாழ 400 வருஷம் முஸ்லிம் ஆட்சியில இருந்த திபிலிசி தாவீது வசம் வந்து, தலைநகரமாச்சு. பிடிச்சப்போ கொலையும் கொள்ளையும் நடந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. ஆனா அதுக்கப்புறம் அங்க இருந்த முஸ்லிம்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தாரு. அவங்க பகுதியில பன்றி அறுக்கக் கூடாதுன்னு உத்தரவே போட்டாரு. வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போய்த் தொழுகையைக் கேப்பாருன்னு எழுதி வெச்சவங்க முஸ்லிம் வரலாற்றாசிரியர்களேதான்.