மாத்திரை ஏன் நின்றது?

2021 செப்டம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை பள்ளிகள் மீண்டும் திறந்தன. ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அப்போது எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: “மாத்திரை நின்று மாதக்கணக்காகிறது. விட்ட இடத்திலிருந்து கொடுக்கலாமா?”

நீங்களாகக் கொடுக்காதீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பலர் மாத்திரை நின்றதற்குத் தங்கள் அலட்சியமே காரணம் என்று கூனிக்குறுகி எழுதினார்கள். அவர்களுக்காகத்தான் நடந்ததை விரிவாகச் சொல்கிறேன்.

2020 மார்ச் 25, கொரோனா ஊரடங்கின் முதல் நாள். அதே தேதியில் மத்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. வீட்டிலிருந்தே போனில் டாக்டரிடம் பேசலாம், மருந்துச்சீட்டும் போனிலேயே வந்துவிடும் என்றார்கள். அந்த ஆவணத்திலேயே ஒரு தடைப்பட்டியலும் இருக்கிறது. மருந்து விதிகளின் ‘எக்ஸ்’ அட்டவணையில் உள்ளவற்றையும், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவற்றையும் போன் வழியாக எழுதவே கூடாது. ஏடிஹெச்டிக்குப் பரவலாக எழுதப்படும் மெத்தில்பெனிடேட் இந்த இரண்டிலுமே வருகிறது.

‘எக்ஸ்’ அட்டவணை மருந்துக்குச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றை மருந்துக்கடை 2 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். விற்கத் தனி உரிமம் தேவை என்பதால் தெருமுனைக் கடையில் கிடைக்காது. ஆக, டாக்டர் ஒரு ஊரில், கடை இன்னொரு ஊரில். மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். அதற்கு மருத்துவ அவசரம் என்று காட்ட வேண்டியிருந்தது. பதினைந்து வயதுப் பையனால் பாடத்தில் உட்கார முடியவில்லை என்பதை அவசரம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

இந்த மாத்திரையின் வேலை சில மணி நேரம்தான். இன்று தீர்ந்தால் நாளைக் காலையே வித்தியாசம் தெரியும். பள்ளி மணியும், பக்கத்தில் வந்து நிற்கும் ஆசிரியரும் இல்லாமல், கையடக்கத் திரையில் பாடம் கேட்கச் சொன்ன அதே நாட்களில்தான் மாத்திரையும் போனது. போனில் எழுதத் தடையில்லாத மாற்று மருந்தான அடமாக்செடின் முழுப் பலன் தர வாரக்கணக்காகும்.

மெத்தில்பெனிடேட்டைத் தவறாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு. கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பிய ஏடிஹெச்டி வழிகாட்டுக் குழு 2020-லேயே, மருந்தை நிறுத்த வேண்டாம், ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் வீட்டிலேயே அளந்து தொடரலாம் என்று வழி சொன்னது. ஏற்கெனவே நேரில் பார்த்து, சீட்டும் கையில் உள்ள பிள்ளைக்காவது இங்கே விலக்கு தந்திருக்கலாம். வீடு தேடி வந்த மருத்துவம் என்ற பேச்சை இந்தக் குடும்பங்களிடம் சொல்ல முடியாது.

மற்ற கேள்விகள்:

ஏடிஹெச்டி போன் பார்த்து வந்ததா? 12 வயதுக்கு முன்பே, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அறிகுறி இருந்திருக்க வேண்டும்; ஊரடங்கில் மட்டும் தெரிந்தது என்றால் தூக்கம், பயம், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊரடங்கில் நிம்மதியாக இருந்தானே? சிலர் அப்படித்தான், அதனால் குணமாகிவிட்டது என்று ஆகாது.

மாற்றுத்திறனாளி சான்று? 2016 சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இல்லை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் அதற்குக் கேட்கலாம்.

மாத்திரையை மீண்டும் தொடங்கும் முன் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். இடைப்பட்ட காலத்தில் பிள்ளை வளர்ந்திருப்பான். உயரம், எடை, ரத்த அழுத்தம் மூன்றையும் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.