முடித்து வைக்கப்படும் புகார்கள்

வீட்டு உபயோகப் பொருளை வாங்கும்போது நம் நேரத்துக்குக் கிடைக்கும் மரியாதை, அதைப் பழுது பார்க்கும்போது கிடைப்பதில்லை. வாங்கிய அன்று மாலை ஆறு மணிக்குக் கொண்டு வரச் சொன்னால், சொன்ன நேரத்தில் வண்டி வாசலில் நிற்கும். உத்தரவாதக் காலம் முடிந்து அதே பொருள் நின்றுபோனால், 'காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணிக்குள் ஆள் வருவார்' என்கிறார்கள். அந்த எட்டு மணி நேரமும் வீட்டில் ஒருவர் காத்துக் கிடக்க வேண்டும்.

ஒரு குடும்பம் பணத்தைப் போலவே நேரத்தையும் செலவிட்டுத்தான் எதையும் நுகர்கிறது என்று பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1965-இல் விளக்கினார். வகுப்பறையில் இதைப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். நிறுவனங்களின் கணக்கேட்டில் மட்டும் வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தின் விலை இன்றளவும் பூஜ்யம்தான்.

கடந்த மே மாதம் திருச்சியில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பழுதானது. பாலும் மாவும் கெட்டதைப் பொறுத்துக்கொள்ளலாம். என் மனைவி நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியைச் சில வாரங்கள் அறை வெப்பத்தில் வைக்கலாம் என்கிறது மருந்துக் குறிப்பு. ஆனால், கோடைக்காலத் திருச்சியின் அறை வெப்பத்தை மனதில் வைத்து அதை யாரும் எழுதியிருக்க முடியாது. இருப்பில் இருந்த குப்பிகளுக்கு எதிர்வீட்டார் தம் பெட்டியில் இடம் தந்தார்கள். கையிலிருந்த குப்பி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் போயிற்று.

மூன்றாம் நாள் ஓர் இளைஞர் வந்தார். திறந்து பார்த்து, 'போர்டு போய்விட்டது சார், சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும்' என்றார். வருகைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, என் கைப்பேசிக்கு வந்த ரகசிய எண்ணையும் கேட்டுப் பதிவு செய்தார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள், 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. கேட்டபோது, இரண்டு நாளைக்குள் புகாரை முடிக்காவிட்டால் தமக்குப் பணம் பிடிப்பார்கள் என்றும், போர்டுக்குத் தனியாக வேறு புகார் பதிவாகும் என்றும் சொன்னார். பெட்டி ஓடத் தொடங்க 13 நாள்கள் ஆயின. அதற்குள் நான்கு புகார் எண்கள் பிறந்தன. அவற்றில் மூன்று, பெட்டி ஓடாமலேயே 'தீர்க்கப்பட்டவை'.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. முடித்த புகாருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் புகாரைத்தான் முடிப்பார். பழுது நீங்கியதா என்பதை விட்டுவிட்டு, புகார் எத்தனை மணி நேரத்தில் மூடப்பட்டது என்பதை நிறுவனம் அளந்துகொண்டிருக்கிறது. ஆண்டறிக்கையில் அந்த எண் அழகாகவே இருக்கும்.

எங்கள் தெருவிலேயே முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் உண்டு. பழைய பெட்டிகளில் தெர்மோஸ்டாட், ரிலே, கம்ப்ரசர் எது போனாலும் கடைவீதியில் வாங்கி மாற்றிவிடுவார். இன்வெர்ட்டர் வகைப் பெட்டிகளில் கம்ப்ரசரை இயக்குவதே மின்னணு போர்டுதான். இந்தப் பெட்டியின் போர்டு வெளியே விற்பனைக்கு இல்லை. அதன் மின்சுற்று வரைபடமும் அவருக்குக் கிடைக்காது. வாங்கும் நாளில் பத்து நிறுவனங்கள் போட்டியிட்ட சந்தை, பழுதாகும் நாளில் ஒரே விற்பனையாளரின் ஏகபோகமாகிவிடுகிறது. உண்மையில் போர்டுதான் போனதா என்பதும் நமக்குத் தெரியாது. பழுதைக் கண்டறிபவரே அதை நீக்கும் பணியையும் விற்கும்போது ஏமாற்றுக்கு இடமுண்டு என்பதை டார்பி, கார்னி என்னும் இரு பொருளியலாளர்கள் 1973-இலேயே ஆராய்ந்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்காக எத்தனை பேர் ஆணையத்தின் படியேறுவார்கள்? இந்தத் தயக்கமே நிறுவனங்களுக்கு லாபம்.

'பழுது பார்க்கும் உரிமை' குறித்து மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2021 மார்ச் முதல் இதை விதியாகவே ஆக்கிவிட்டது. அங்கு குளிர்சாதனப் பெட்டியின் மின்னணு போர்டு போன்ற முக்கிய உதிரி பாகங்கள், அந்த மாதிரியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் ஏழு ஆண்டுகள் கிடைக்க வேண்டும். வெளியில் தொழில் செய்யும் தகுதியுள்ள மெக்கானிக் கேட்டாலும் 15 வேலை நாள்களுக்குள் கொடுத்தாக வேண்டும்.

இழப்பீட்டுக்கு நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. மின்சார நுகர்வோர் உரிமைகள் தொடர்பாக மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட விதிகளில், சேவைத் தரம் தவறினால் தானாகவே இழப்பீடு வழங்கும் ஏற்பாடு இடம்பெற்றிருக்கிறது. நடைமுறையில் அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது வேறு கதை. எனினும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகையைப் பழுதுக் கட்டணத்தில் தானாகக் கழிக்க வேண்டும் என்ற விதியைத் தனியார் நிறுவனங்களுக்கும் கொண்டுவரலாம். காத்திருப்பதன் விலையைக் கொடுக்க நேர்ந்தால், சென்னையிலிருந்து போர்டு வர 13 நாள்கள் ஆகா.

போட்டி உயிரோடு இருப்பது விற்பனைக் கூடத்தில்தான் என்பதால், தகவலும் அங்கேயே கிடைத்தாக வேண்டும். பெட்டியின் கதவில் மின்சிக்கன நட்சத்திரச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அதை எண்ணிப் பார்த்து வாங்க மக்கள் பழகிவிட்டார்கள். அதன் கீழே இன்னும் இரண்டு எண்களை அச்சிடச் செய்யலாம்: உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும், பழுது எத்தனை நாள்களில் நீக்கப்படும்.