லைன் வீட்டில் உருவப்படம்

காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 1902ஆம் ஆண்டிலேயே கோலார் தங்க வயலை வந்தடைந்தது. ஆயினும், சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகள் சிறியவை. பகலிலும் உட்புறம் மங்கலானவை. தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று அங்கே குடியேறியோரின் வழிவந்தோர் இன்றும் அவ்வீடுகளில் வாழ்கின்றனர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை சென்ற அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அவற்றில் உழைத்த பெரியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்தம் முகத்தை அவர்தம் வீட்டிலேயே நல்ல படமாக எடுத்து வைப்பது எங்ஙனம் என்பதை இங்குக் காண்போம்.

மங்கலான அறையில் முதல் தேவை ஒளி. 1840ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஜோசப் பெட்ஸ்வால் என்னும் கணித அறிஞர், உருவப்படத்திற்கென்றே வாய் அகன்ற லென்ஸ் ஒன்றை வகுத்தார். அதனால், படத்திற்கு அமர்ந்தோர் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டிய தொல்லை பெரிதும் குறைந்தது. இன்று எளிதிற் கிடைக்கும் 50 மி.மீ. ‘எஃப் 1.8’ லென்ஸும் அப்பணியையே செய்கிறது. குவியத்தூரம் மாறாத இந்த லென்ஸ், ‘எஃப் 4’ திறப்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பழைய பிலிம் சட்டத்தின் அளவுள்ள ஒளியுணர் தகட்டைக் கொண்ட கருவியில், ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்து முழுத் திறப்பில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரே. கண் தெளிந்தால் காது மங்கும். இங்கே ‘மிரர்லெஸ்’ கேமரா துணைபுரிகிறது. அதனுள் ஆடி இல்லை. ஒளி நேரே தகட்டில் விழுகிறது. ஆகவே விழப்போகும் படத்தை முன்னரே காணலாம். கருவி தானே கண்ணைக் கண்டறிந்து குவியம் கொள்ளவும் கூடும். தகடு சிறிதாயின் 35 மி.மீ. லென்ஸ் பொருந்தும்.

பெரியவரை வாயிற்படியின் உட்புறம், முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம் படுமாறு அமரச் செய்க. மின்விளக்கை அணைத்துவிடுக, இருவேறு நிற ஒளி கலந்தால் தோலின் நிறம் கெடும். நொடியில் 125இல் ஒரு பங்கு நேரம் போதும். மிக அருகிற் சென்றால் மூக்குப் பெருத்துத் தோன்றும்.

பின்புலத்தை மங்கச் செய்வதே சிறப்பென்று பலர் கருதுகின்றனர். முகம் ஒன்றே வேண்டுமாயின் அது சரி. ஆனால் சுவரில் தொங்கும் சுரங்கத் தலைக்கவசமும், மாலையிட்ட மூதாதையர் படமும் அவர் வரலாற்றைச் சொல்வன. அவற்றை மங்கலாக்கிவிட்டால், எவ்வூரார் என்றே அறிய இயலாத முகமொன்றுதான் எஞ்சும். எனவே இன்னொரு படம் ‘எஃப் 5.6’ திறப்பில், சற்றுப் பின்னே நின்று, அவரைச் சுவரை ஒட்டி அமர்த்தி எடுக்க வேண்டும். ஒளி குறைவதால் கருவியின் ஒளியுணர்திறனை உயர்த்திக்கொள்ளலாம். படத்தில் சிறிது மணல்மணலாகத் தோன்றினும் குற்றமில்லை.

இறுதியாக, இரு படங்களையும் அச்சிட்டு ஒரு படியை அவரிடமே கொடுத்துவிடுக. மறுபடியின் பின்புறத்தில் அவர் பெயர், லைன், உழைத்த சுரங்கம், எடுத்த நாள் ஆகியவற்றை எழுதி வைப்பது நம் கடமையாகும்.